டன்னுக்கு எத்தனை யூனிட்? கணக்கைத் திறந்து காட்டுங்கள்!

தொழிலாளத் தோழர்களே!

ரப்பர் ஆலைகளிலும் கையுறை ஆலைகளிலும் இன்று ஒரு புதிய எண் உலவுகிறது. "ஒரு டன் சரக்குக்கு இத்தனை யூனிட்" என்பதே அந்த எண். அதற்கு எரிசக்திச் செறிவு என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர் பெரிது, பொருள் எளிது. ஆலை தின்ற மின்சாரத்தையும் எண்ணெயையும் எரிவாயுவையும் மேலே எழுது. ஆலை ஈன்ற சரக்கைக் கீழே எழுது. மேலே உள்ளதைக் கீழே உள்ளதால் வகு. வருகிற விடைதான் எரிசக்திச் செறிவு.

விடை குறைந்தால் நிர்வாகம் மார்தட்டுகிறது. விடை கூடினால் பார்வை நம் பக்கம் திரும்புகிறது. விளக்கை அணைக்கவில்லை, விசிறியை நிறுத்தவில்லை, யந்திரத்தைச் சும்மா ஓடவிட்டார்கள் என்று குற்றப் பத்திரிகை வாசிக்கப்படுகிறது. புகழ் வந்தால் மேசைக்கு, பழி வந்தால் யந்திரத்தடிக்கு! இது என்ன நியாயம்?

ஒன்றை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அளப்பதை நாம் எதிர்க்கவில்லை. வீணாகும் எரிசக்தியை மிச்சப்படுத்த வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேற்றுமை இல்லை. கொதிக்கும் காற்று வீணாய் வெளியேறும் ஆலையில் அந்தக் கொதிப்பில் நிற்பவன் தொழிலாளி. வீணாகும் ஒவ்வொரு வெள்ளியும் "இந்த ஆண்டு போனஸ் கொடுக்க இயலாது" என்ற பேச்சாக அவனிடமே திரும்பி வருகிறது. ஆகவே நல்ல அளவையால் நட்டம் அடையப் போகிறவர்கள் நாம் அல்ல. நாம் எதிர்ப்பது அரைகுறை அளவையை. அந்த அரைகுறை அளவையைப் பிரம்பாக்கி நம் முதுகில் வீசுவதை.

சட்டமும் வந்துவிட்டது

இது ஏதோ ஓர் ஆலையின் விருப்பம் என்று நினைத்துவிட வேண்டாம். 2024-ஆம் ஆண்டு எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. தொடர்ந்து 12 மாதங்களில் 21,600 கிகாஜூல் அல்லது அதற்கு மேல் எரிசக்தி செலவிடும் ஆலைகள் பதிவு பெற்ற எரிசக்தி மேலாளர் ஒருவரை நியமிக்க வேண்டும்; எரிசக்தி நிர்வாக முறையை ஏற்படுத்த வேண்டும்; தணிக்கைக்கு உட்பட வேண்டும். 21,600 கிகாஜூல் என்பதை மின்சாரமாக மட்டும் கணக்கிட்டால் 60 லட்சம் யூனிட். இதற்கு முன்பிருந்த 2008-ஆம் ஆண்டு விதிகள் மின்சாரத்தை மட்டுமே பார்த்தன. புதிய சட்டம் எண்ணெய், எரிவாயு முதலியவற்றின் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. அக்கரையில் சிங்கப்பூரும் 2013 முதல் பெரிய ஆலைகளை இத்தகைய கணக்குக்கு உட்படுத்தியிருக்கிறது.

ஆகவே இந்த எண் நம்மை விட்டுப் போகப் போவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு இதன் பலம் கூடும். நாளை வேலைப் பங்கீடு, யந்திர வேகம், ஆட்குறைப்பு ஆகியவற்றுக்கு இந்த எண்ணையே சாட்சிக்கு அழைப்பார்கள். சாட்சி கூண்டில் ஏறுமுன் அது உண்மை பேசுகிறதா என்று குறுக்கு விசாரணை செய்வது சங்கத்தின் கடமை.

தராசு நமக்குப் புதிதல்ல

தோட்டப்புறத்தில் பிறந்தவனுக்கு அளவையின் அரசியலைப் பிறர் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. மரத்திலிருந்து இறங்கும் பாலில் மூன்றில் ஒரு பங்கு அளவே ரப்பர்; மீதி பெரும்பாலும் தண்ணீர். ஆகவே பாலின் எடையைக் கொண்டு கூலி போட முடியாது; அதில் உள்ள காய்ந்த ரப்பரின் எடை வேண்டும். அதைக் கண்டறிய மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் விட்டுப் பார்த்தார்கள். குழலில் எந்தக் கோடு வரை மூழ்குகிறது என்று பார்ப்பவர் கிராணி. புத்தகத்தில் எழுதுபவரும் கிராணி. வாளியைச் சுமந்து வந்தவன் எட்டி நின்றான். அவனுடைய அன்றைய உழைப்பின் மதிப்பு அவன் படிக்க முடியாத ஒரு கோட்டில் நின்றது.

அந்த அனுபவம் நமக்கு இரண்டு பாடங்களைக் கற்றுத் தந்தது. முதல் பாடம்: எதை வகுக்கிறோம் என்பதைவிட எதனால் வகுக்கிறோம் என்பதே பெரிய கேள்வி, ஈர எடையா, காய்ந்த எடையா? இரண்டாம் பாடம்: அளப்பவன் ஒருவன், விளைவை அனுபவிப்பவன் வேறொருவன் என்றால், அந்த அளவை திறந்த வெளியில் நடக்க வேண்டும். இந்த இரண்டு பாடங்களையும் இன்றைய யூனிட் கணக்கின் மேல் வைத்துப் பார்ப்போம்.

மாறாத கைகள், மாறிய எண்

ஒரு கட்டி ரப்பர் ஆலையைக் கணக்குக்காக எடுத்துக்கொள்வோம். யந்திரம் ஒரு கிலோ ரப்பர் அரைத்தாலும் அரைக்காவிட்டாலும் சில செலவுகள் நடந்தே தீரும். விளக்கு, அலுவலகம், தண்ணீர்ப் பம்பு, கழிவுநீர்க் குளத்துக் காற்றூட்டி, சூடேற்றி வைத்த உலர்த்தும் அறை, ஓயாமல் உறுமும் கம்ப்ரஸர் ஆகியவற்றின் செலவு இது. இதை நிலைச் செலவு என்று அழைப்போம். அது மாதத்துக்கு 30,000 யூனிட் என்று வையுங்கள். இதற்கு மேல், ஒவ்வொரு டன் ரப்பரையும் அரைத்துத் துண்டாக்கி உலர்த்தி அழுத்த 150 யூனிட் வேண்டும் என்று வையுங்கள்.

நல்ல வரத்துள்ள மாதத்தில் 300 டன் உற்பத்தி. டன்னுக்கு 150 வீதம் 45,000. நிலைச் செலவு 30,000. ஆக 75,000 யூனிட். 300-ஆல் வகுத்தால் டன்னுக்கு 250.

அடுத்து இலையுதிர் காலம் வருகிறது. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும், பால் வற்றும், ஆலைக்குக் கட்டிப்பால் வரத்துக் குறையும். அந்த மாதம் 200 டன்தான். 30,000 உற்பத்திக்கு, 30,000 நிலைச் செலவுக்கு. ஆக 60,000 யூனிட். 200-ஆல் வகுத்தால் டன்னுக்கு 300.

பார்த்தீர்களா தோழர்களே! 250 என்ற எண் 300 ஆகிவிட்டது. எரிசக்திச் செறிவு 20 சதவிகிதம் ஏறிவிட்டது! யந்திரம் மாறவில்லை. ஆட்கள் மாறவில்லை. ஒரு டன் ரப்பரை ஆக்க வேண்டிய 150 யூனிட்டில் ஒரு யூனிட்கூடக் கூடவில்லை. இலை உதிர்த்தது மரம். பழி ஏற்பது தொழிலாளியா?

இதே வித்தையை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். ஒரு மாதம் 400 டன் அரைத்தால் மொத்தம் 90,000 யூனிட், டன்னுக்கு 225. நிர்வாகம் ஒரு திருகாணியைக்கூடத் திருகாமலே 10 சதவிகித மிச்சம் என்று மேலிடத்துக்கு எழுதலாம். சரக்கு கூடியதால் வந்த புகழ் அது, சாமர்த்தியத்தால் வந்ததல்ல.

இந்த ஆபத்து நாம் கண்டுபிடித்துச் சொல்வதல்ல. உலகெங்கும் ஆலைகள் பெருமையோடு சுவரில் மாட்டி வைக்கும் ஐ.எஸ்.ஓ. 50001 என்னும் எரிசக்தி நிர்வாகத் தரம் 2011-இல் வந்து 2018-இல் திருத்தப்பட்டது. உற்பத்தி அளவு போன்ற காரணங்கள் எரிசக்திச் செலவைப் பெரிதும் பாதிக்குமானால், அவற்றுக்கு ஏற்பச் சரிக்கட்டித்தான் ஒப்பிட வேண்டும் என்று அது கூறுகிறது. அதற்குத் துணையான ஐ.எஸ்.ஓ. 50006, நிலைச் செலவு பெரிதாக உள்ள இடத்தில் வெறும் வகுத்தல் கணக்கு தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும் என்று எச்சரிக்கிறது. சுவரில் சான்றிதழ் மாட்டியவர்கள் அதற்குள் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டாமா?

எதனால் வகுக்கிறீர்கள்?

ஆலைக்கு வரும் கட்டிப்பாலில் தண்ணீர் எவ்வளவு என்பது நாளுக்கு நாள் மாறும். மழை நாளில் மங்கில் கிடந்த கட்டி வேறு; பல நாள் கிடந்து வற்றிய கட்டி வேறு. 100 டன் ஈரக் கட்டியில் ஒரு வாரம் 60 டன் காய்ந்த ரப்பர் கிடைக்கும். இன்னொரு வாரம் 50 டன்தான் கிடைக்கும். இரு வாரமும் 15,000 யூனிட் செலவானால், ஈர எடைக்கு டன்னுக்கு 150 என்று எண் அசையாமல் நிற்கும். காய்ந்த எடைக்கு வகுத்தால் ஒரு வாரம் 250, மறு வாரம் 300. தண்ணீரை வாங்கிய குற்றம் கொள்முதல் மேசையினுடையது. அதை ஆலைக்குள் நிற்பவன் தலையில் கட்டக் கூடாது.

உலர்த்தும் அறையின் கதையும் இதுதான். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும் ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும், அதாவது 0.63 யூனிட். இது இயற்கையின் விலை. பேரம் பேச முடியாது. நடைமுறையில் இதைவிட அதிகம் ஆகும். துண்டாக்கிய ரப்பரைப் பெட்டியில் போட்டுத் தண்ணீர் வடிய நேரம் கொடுத்த பிறகு உள்ளே தள்ளினால், வடிந்து போன தண்ணீருக்கு ஒரு காசு எண்ணெய் செலவில்லை. அவசரப்படுத்தி, சொட்டச் சொட்ட உள்ளே தள்ளச் சொன்னால் பர்னர் கூடுதலாக எரியும். வடிய விடு என்று சொல்பவன் பெட்டி தள்ளும் தொழிலாளி. வடிய விடாதே, எண்ணிக்கை வேண்டும் என்று விரட்டுவது யார்?

கையுறை ஆலைக்கு வருவோம். அங்கே ஆயிரம் கையுறைக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். கையுறை ஒன்று 5 கிராமாக இருந்தது 3.5 கிராமாக மெலிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்துக்கு ஆகும் எரிசக்தி 10 சதவிகிதம் குறைந்தால், வெற்றி என்று பறை சாற்றலாம். ஆனால் எடை 30 சதவிகிதம் குறைந்துவிட்டதே! ஆகவே கிலோவுக்கு ஆகும் எரிசக்தி 28 சதவிகிதத்துக்கு மேல் கூடியிருக்கிறது. இரண்டு எண்ணும் பொய்யல்ல. அங்கே வெப்பத்தின் பெரும் பகுதி பீங்கான் கை அச்சுகளையும் அடுப்புக் காற்றையும் சூடாக்குவதில் போகிறது; கையுறை மெலிந்ததால் அந்தச் செலவு அதே அளவுக்கு மெலியாது. இதைச் சொல்ல இரண்டு எண்ணும் வேண்டும். தமக்கு வேண்டிய எண்ணை மட்டும் பலகையில் எழுதுவது கணக்கல்ல, விளம்பரம்.

கெட்டுப்போன சரக்கின் கணக்கைக் கவனியுங்கள். யந்திரத்தை விட்டு வெளியே வந்ததெல்லாம் உற்பத்தி என்று கணக்கிட்டால், வேகத்தைக் கூட்டக் கூட்ட டன்னுக்கான எண் இறங்கும். சரியாக உலராமல் வெள்ளைப் புள்ளி விழுந்த கட்டியைத் திரும்பப் போட்டு மறுபடி உலர்த்தினால், ஒரே சரக்குக்கு இரு முறை எரிசக்தி செலவாகிறது. துளை விழுந்த கையுறை குப்பைக்குப் போனால், அதற்குச் செலவான வெப்பமும் குப்பைக்கே போகிறது. தேர்வில் தேறி, வண்டியில் ஏறிய நல்ல சரக்கால் மட்டுமே வகுக்க வேண்டும். அப்போதுதான் கண்மூடித்தனமான வேகம் மிச்சமா, நட்டமா என்பது வெளிப்படும். உருளைகளுக்கு நடுவே கையை வைத்து வேலை செய்பவனுக்கு வேகம் என்பது வெறும் எண்ணல்ல. அது விரலும் உயிரும் சம்பந்தப்பட்ட விஷயம்.

எதை வகுக்கிறீர்கள்?

கீழே உள்ள எண்ணைப் பார்த்தோம். மேலே உள்ள எண்ணும் சந்தேகத்துக்கு உரியதே. மின்சார பில்லை மட்டும் எடுத்து வகுக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் வெப்பம் உண்டு. அது 10 யூனிட்டுக்குச் சமம். டன்னுக்கு 200 யூனிட் மின்சாரமும் 30 லிட்டர் டீசலும் செலவாகும் ஆலை ஒன்று இருந்தால், டீசல் மட்டுமே 300 யூனிட். மொத்தம் 500. மின்சாரத்தை மட்டும் பார்ப்பவன் பாதிக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போடுகிறான்.

வெள்ளிக் கணக்கில் எரிசக்தியை அளப்பதும் தவறு. மின்கட்டணம் மாறும், எண்ணெய் விலை ஏறும், இறங்கும், உச்ச நேரத்துக்கு ஒரு விலை, மற்ற நேரத்துக்கு ஒரு விலை. கட்டணம் ஏறிய மாதத்தில் பில் ஏறினால் செலவான சக்தி ஏறியது என்று பொருளில்லை. செலவைப் பார்க்க வெள்ளி. சக்தியைப் பார்க்க ஜூல். இரண்டையும் ஒரே பானையில் போட்டுக் கலக்கக் கூடாது.

எல்லாவற்றிலும் கொடிய தந்திரம் ஒன்று உண்டு. கட்டிப்பாலைக் கழுவி முதல் அரைப்பு அரைக்கும் வேலையை வெளியே ஒரு குத்தகைக்காரரிடம் கொடுத்துவிட்டால், அந்த யந்திரங்களின் மின்சாரம் ஆலைக் கணக்கிலிருந்து மறைந்துவிடும். எண் சடாரென்று விழும். உண்மையில் ஒரு யூனிட்டும் மிச்சமாகவில்லை. வேலியைத் தாண்டிப் போயிருக்கிறது. லாரிக்கு ஊற்றும் டீசல்கூடச் சேர்ந்திருக்கிறது. அந்த யந்திரத்தில் நின்ற சங்க உறுப்பினர்களின் நிரந்தர வேலையும் அதே வேலியைத் தாண்டிப் போய், குத்தகைக் கூலியாகிவிடுகிறது. எரிசக்தி மிச்சம் என்ற பெயரில் தொழிலாளியை வெளியேற்றும் இந்தக் கணக்கைச் சங்கம் எந்நாளும் ஏற்காது. வேலி எங்கே போடப்பட்டது என்பதை முதலில் எழுது. வேலி நகர்ந்தால் பழைய ஆண்டின் கணக்கையும் அதற்கேற்பத் திருத்து. இதுவே நேர்மை.

விசிறியா, கம்ப்ரஸரா?

எண் கூடியவுடன் சில நிர்வாகிகளின் கை நீளுவது விசிறியின் பொத்தானுக்கு. உலர்த்தும் அறையின் வாயிலில் நிற்பவனுக்குக் காற்று தரும் விசிறி அவர்கள் கண்ணுக்கு வீண் செலவாகத் தெரிகிறது. சரி, கணக்கே பேசட்டும்.

சுவர் விசிறி ஒன்று 0.2 கிலோவாட் என்று வையுங்கள். எட்டு மணி நேர ஷிப்டில் அது தின்பது 1.6 யூனிட். இனி, 75 கிலோவாட் கம்ப்ரஸர் ஒன்று யாருக்கும் காற்றுத் தேவையில்லாத நேரத்தில் பாரமின்றிச் சும்மா ஓடுகிறது என்று வையுங்கள். பாரமில்லாமல் ஓடும்போதும் பழைய வகைக் கம்ப்ரஸர் முழுச் சக்தியில் கால் பங்கையாவது இழுக்கும். கால் பங்கு என்றால் ஏறத்தாழ 19 கிலோவாட். எட்டு மணி நேரத்துக்கு 150 யூனிட். தொண்ணூறுக்கும் மேற்பட்ட விசிறிகள் ஷிப்டு முழுவதும் சுழன்று தின்பதை, ஒரு கம்ப்ரஸர் சும்மா உறுமியே தின்றுவிடுகிறது! பராமரிப்புக் குறைந்த ஆலைகளில் கம்ப்ரஸர் தரும் காற்றில் 20 முதல் 30 சதவிகிதம் வரை குழாய் மூட்டுகளில் ஒழுகிப் போவது சாதாரணம். அந்த ஒழுகலின் சீற்றத்தை நள்ளிரவு ஷிப்டில் காதால் கேட்பவன் தொழிலாளி. அவனைக் கேட்டால் எந்த மூட்டு என்று விரலால் சுட்டிக் காட்டுவான்.

பெரிய காற்றாடிகளிலும் இதே கதை. உலர்த்தும் அறையின் காற்றாடிக்குக் குறைந்த காற்றே போதும் என்றால், பலகையை வைத்து வழியை அடைப்பது ஒரு முறை. வேகத்தையே குறைப்பது மற்றொரு முறை. காற்றாடியின் வேகத்தை 80 சதவிகிதமாகக் குறைத்தால் அது இழுக்கும் சக்தி ஏறத்தாழப் பாதியாகிவிடும். மிச்சம் இருக்கும் இடம் இது. தொழிலாளியின் நெற்றி வியர்வையில் மிச்சம் தேடாதீர்கள்!

இருநூறு ஆண்டுக்கு முந்திய பாடம்

எரிபொருளுக்கு எவ்வளவு வேலை என்று அளக்கும் இந்தக் கலை நேற்றுப் பிறந்ததல்ல. இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் தண்ணீர் இறைத்த நீராவி யந்திரங்களிலேயே அது வளர்ந்தது. ஜேம்ஸ் வாட்டும் அவருடைய கூட்டாளி மாத்யூ போல்டனும், பழைய யந்திரத்தைவிடத் தங்கள் யந்திரம் மிச்சப்படுத்தும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைக் கட்டணமாகக் கேட்டார்கள். மிச்சம் எவ்வளவு என்பதில் சுரங்க முதலாளிகளுக்கும் அவர்களுக்கும் ஓயாத வழக்கு. அளவை பணமாகும் இடத்தில் சச்சரவு வரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

பிறகு 1811-இல் ஜோயல் லீன் என்பவர் ஒரு மாத வெளியீட்டைத் தொடங்கினார். ஒரு புஷல் நிலக்கரிக்கு எத்தனை ராத்தல் தண்ணீரை ஓர் அடி உயரம் தூக்கியது என்று, யந்திரம் யந்திரமாகப் பிரித்து அச்சிட்டு வெளியிட்டார். எந்த யந்திரம் சிறந்தது, எது மோசம் என்பது ஊரறிந்த செய்தியாயிற்று. ஒருவர் கண்ட முன்னேற்றத்தை மற்றவர் பார்த்துக் கற்றார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்த யந்திரங்களின் சராசரித் திறன் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. திறந்து வைத்த கணக்கு வளர்ச்சியைத் தந்தது. பூட்டி வைத்த கணக்கு வழக்கைத்தான் தந்தது.

சாக்குகளுக்குப் பதில்

"ஒவ்வொரு யந்திரத்துக்கும் மீட்டர் மாட்டினால் செலவாகுமே" என்பார்கள். ஒவ்வொரு விளக்குக்கும் மீட்டர் மாட்டச் சொல்லவில்லை. அரைக்கும் உருளைகள், துண்டாக்கும் யந்திரம், உலர்த்தும் அறை, கம்ப்ரஸர், கழிவுநீர்ப் பம்பு என்று பெரிதாகத் தின்னும் நாலைந்து இடங்களுக்கு மாட்டுங்கள். டீசல் தொட்டிக்கும் எரிவாயுக் குழாய்க்கும் அளவி வையுங்கள். எங்கே போகிறது என்று அறியாமல் மாதந்தோறும் பில் கட்டுவதற்குக் காசு இருக்கும்போது, எங்கே போகிறது என்று அறிவதற்கு இல்லையா?

"இது பொறியாளர் வேலை, தொழிலாளருக்குப் புரியாது" என்பார்கள். ஒரு தாளில் குறுக்கே உற்பத்தி டன், நெடுக்கே செலவான யூனிட் என்று கோடு போட்டு, பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு புள்ளி வையுங்கள். புள்ளிகளுக்கு நடுவே ஒரு நேர்கோடு இழுங்கள். உற்பத்தி பூஜ்யமாக உள்ள இடத்தில் கோடு எந்த உயரத்தில் வெட்டுகிறதோ அது நிலைச் செலவு. கோட்டின் சாய்வு டன்னுக்கு உண்மையில் ஆகும் செலவு. கோட்டுக்கு மேலே துள்ளி நிற்கும் மாதம் விசாரிக்க வேண்டிய மாதம். ஐந்தாம் படிவப் பிள்ளைக்கும் விளங்கும் இந்தக் கணக்கு, அந்தப் பிள்ளையைப் படிக்க வைத்த தகப்பனுக்கு விளங்காதா?

"எல்லாவற்றையும் எண்ணில் கொண்டுவர முடியாது" என்றும் சொல்வார்கள். புகையிட்ட ரப்பர்த் தாளைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த காலம் ஒன்று இருந்தது. 1965-இல் இந்நாடு தரநிர்ணய ரப்பர் திட்டத்தைக் கொண்டு வந்து, அழுக்கு, சாம்பல் முதலியவற்றைப் பரிசோதனைச் சாலையில் அளந்து எண்ணால் தரம் பிரிக்கும் வழியை உலகுக்குக் காட்டியது. ரப்பரில் உள்ள அழுக்கைச் சதவிகிதத்தின் சிறு பின்னம் வரை அளக்கத் தெரிந்தவர்களுக்குக் கம்ப்ரஸரின் யூனிட்டை அளக்கத் தெரியாதா?

நம் கோரிக்கைகள்

ஒன்று: எரிசக்திச் செறிவை முழு ஆலைக்கும் ஒரே எண்ணாக மட்டும் போடக் கூடாது. பெரிய யந்திரங்களுக்குத் தனித்தனி மீட்டர் வேண்டும். நிலைச் செலவைப் பிரித்துக் காட்ட வேண்டும்.

இரண்டு: காய்ந்த எடையில், தேர்வில் தேறிய நல்ல சரக்கால் மட்டுமே வகுக்க வேண்டும். கையுறைக்கு எண்ணிக்கை, எடை ஆகிய இரு கணக்கும் வேண்டும்.

மூன்று: மின்சாரம், டீசல், எரிவாயு, விறகு அனைத்தும் ஒரே அலகில் சேர வேண்டும். குத்தகைக்கு வெளியே போன வேலையின் எரிசக்தியைத் தனி வரியில் காட்ட வேண்டும்.

நான்கு: மாதக் கணக்கு தமிழிலும் மலாயிலும், ஆலையில் உள்ள வெளிநாட்டுத் தோழர்கள் அறிந்த மொழியிலும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

ஐந்து: 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளும் அமரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்புச் சுகாதாரச் சட்டம் கூறுகிறது. எரிசக்திக்கும் அப்படி ஒரு கூட்டுக் குழு வேண்டும். சங்கத்துக்கு அதில் ஆசனம் வேண்டும்.

ஆறு: விசிறி, குடிநீர், வெளிச்சம், ஓய்வு நேரம் ஆகியவற்றில் கை வைத்து வந்த எதையும் மிச்சம் என்று கணக்கெழுதக் கூடாது.

ஏழு: உண்மையான மிச்சத்தில் தொழிலாளருக்குப் பங்கு வேண்டும். ஒழுகும் மூட்டைக் காட்டியவன், பெட்டி வடிய நின்றவன், சும்மா ஓடும் மோட்டாரை நிறுத்தியவன் ஆகியோரின் அறிவால் வந்த மிச்சம் அது. அதன் பங்கு கூட்டு ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டும்.

தோழர்களே! அடுத்த முறை உங்கள் ஆலைப் பலகையில் அந்த எண் தோன்றும்போது தலை குனிந்து போய்விடாதீர்கள். நான்கு கேள்வி கேளுங்கள். எதை வகுத்தீர்கள்? எதனால் வகுத்தீர்கள்? நிலைச் செலவு எவ்வளவு? வேலி எங்கே? பதிலை எழுதி வாங்கி, கிளைக் கூட்டத்தில் வையுங்கள்.

தோட்டந்தோறும் சிதறிக் கிடந்த சங்கங்கள் 1954-இல் ஒன்றுகூடித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக எழுந்ததால்தான், தராசுக்கு எதிரே நின்று தொழிலாளி நிமிர்ந்து கேள்வி கேட்க முடிந்தது. இன்று தராசு மாறி மீட்டராகியிருக்கிறது. கேள்வி கேட்கும் உரிமை மாறவில்லை. நிர்வாகத்தினருக்கு நாம் சொல்வது இதுதான்: அளவுங்கள், தாராளமாக அளவுங்கள்! எங்கள் கண் முன்னே அளவுங்கள். எங்களையும் சேர்த்து அளவுங்கள். அப்படி வரும் எண்ணுக்கு முதலில் தோள் கொடுப்பது நம் சங்கமாகவே இருக்கும்.